ஹல் ஹவுஸ்: பூட்ட மறந்த பக்கவாசல்

1889 செப்டம்பர் 18. சிகாகோவின் மேற்குப் பகுதியில், ஹால்ஸ்டட் தெருவும் போல்க் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த ஒரு பழைய செங்கல் பங்களாவுக்கு இரண்டு பெண்கள் குடிவந்தார்கள். ஜேன் ஆடம்ஸுக்கு 29 வயது, எலன் கேட்ஸ் ஸ்டாருக்கு 30. பகலெல்லாம் சாமான் இறக்கி, அலமாரி அடுக்கி, படம் மாட்டிவிட்டு, புது வீட்டு உற்சாகத்தில் அப்படியே படுத்துவிட்டார்கள். போல்க் தெருப் பக்கம் இருந்த கதவைப் பூட்டவில்லை. பூட்டுவது என்ன, சாத்தவே மறந்துபோனார்கள். பொல்லாத பேட்டை, அங்கே போய் இரண்டு பெண்கள் தனியாக இருப்பதா என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தி அனுப்பிய இடம் அது. விடிந்து பார்த்தால் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை.

நம் பக்கம் சமுதாயக் கூடம் என்றால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு எடுக்கிற மண்டபம். மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று நாலு பேரிடம் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சாவிக் கேள்வியோடுதான் ஹல் ஹவுஸின் கதையைப் படிக்க உட்கார்ந்தேன். அமெரிக்காவில் இன்று ஊருக்கு ஊர் இருக்கும் சமுதாய மையங்களுக்கு முன்னோடி என்று முதலில் எண்ணப்படுவதில் இந்த வீடு ஒன்று. 2012 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அதன் அமைப்பு கதவை மூடியது. 123-ஆவது வருஷம். எப்படி அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது, எப்படி ஒரே நாளில் மூட முடிந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீடும் வார்டும்

யோசனை லண்டனிலிருந்து வந்தது. அங்கே வைட்சேப்பலில், சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் 1884-ல் டாயின்பி ஹால் என்ற இல்லத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த இளைஞர்கள் ஏழைகள் குடியிருக்கும் தெருவிலேயே வந்து தங்குவார்கள்; பகலில் தங்கள் வேலைக்குப் போவார்கள், மாலையில் வகுப்பு, சங்கம், விவாதம். தானம் போட்டுவிட்டுப் போகிறவராக இல்லாமல் அடுத்த வீட்டுக்காரராக இருப்பது என்பதுதான் சங்கதி. ஆடம்ஸ் 1888-ல் அதைப் போய்ப் பார்த்தார்.

அவர் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மில் முதலாளியின் மகள். அப்பா மாநில சட்டமன்ற மேலவை உறுப்பினர், ஆபிரகாம் லிங்கனுக்குப் பழக்கமானவர். மகள் கல்லூரி முடித்து, மருத்துவம் படிக்கப் போய், முதுகெலும்பு நோயால் பாதியில் விட்டு, எட்டு வருஷம் என்ன செய்வது என்று தெரியாமல் திரிந்தார். இரண்டு தடவை ஐரோப்பா சுற்றினார். முதல் பயணத்தில், லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, விற்காமல் அழுகத் தொடங்கிய காய்கறியை ஏலம் விடுவதைக் குதிரை பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து பார்த்தார். முகம் எதுவும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் உயர்ந்த வெறும் கைகள் மட்டும் நின்றன. பிற்பாடு அவர் ஒளிக்காமல் சொன்ன ஒன்று எனக்குப் பிடிக்கும்: இந்த வீடு ஏழைகளுக்கு எவ்வளவு தேவையோ, படித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார வைக்கப்பட்ட தன்னைப் போன்ற பெண்களுக்கும் அவ்வளவு தேவை.

வீட்டை 1856-ல் கட்டியவர் சார்லஸ் ஹல் என்ற நில வியாபாரி. கட்டும்போது அது ஊருக்கு ஒதுக்குப்புறம். 1871-ல் சிகாகோவே பற்றி எரிந்தபோது தப்பியது. அப்புறம் நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. கொஞ்ச நாள் முதியோர் இல்லம், கொஞ்ச நாள் பழைய மரச்சாமான் கடை. இவர்கள் வரும்போது ஒரு பக்கம் மதுக்கடை, மறு பக்கம் சவ அடக்கம் செய்து கொடுக்கும் கடை. பரணில் பேய் இருப்பதாக வதந்தி வேறு. முன்பு மாடியில் குடியிருந்தவர்கள் பேய் தாண்டி வராமலிருக்கப் பரண் படியில் ஒரு கூஜாத் தண்ணீர் வைத்திருந்தார்களாம். ஹல் இறந்த பிறகு சொத்து அவருடைய உறவினரும் தொழிலில் வலது கையுமான ஹெலன் கல்வர் என்ற பெண்ணிடம் வந்திருந்தது. அடுத்த வருஷமே அவர் வாடகை வாங்குவதை விட்டுவிட்டார். அந்த நன்றிக்குத்தான் ஹல் ஹவுஸ் என்ற பெயர்.

சுற்றி 19-ஆவது வார்டு, ஏறக்குறைய 50,000 பேர். இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போஹிமியர், போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஓடிவந்த யூதர். அன்றைய சிகாகோவின் 11 லட்சம் பேரில் முக்கால்வாசிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய மரவீட்டில் நாலு குடும்பம். பல வீடுகளுக்குச் சாக்கடை இணைப்பு கிடையாது. கொல்லையில் குதிரை லாயம். தெருவோரம் பெரிய பெரிய மரக் குப்பைப் பெட்டிகள். தவழ்கிற வயது தாண்டிய குழந்தைகள் ஏறி விளையாட அதுதான் கிடைத்தது.

வாசிப்பில் தொடங்கி, தொட்டிலுக்கு வந்து

குடிவந்தவர்கள் முதலில் செய்தது என்ன தெரியுமா? அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி ஒரு நாவலை உரக்க வாசித்தார்கள். இத்தாலியைக் களமாகக் கொண்ட ஆங்கில நாவல். இத்தாலியர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தார்கள். சுவரில் ஐரோப்பிய ஓவியங்களின் நல்ல பிரதிகள். நல்லெண்ணம்தான். ஆனால் வாசிப்பைக் கேட்க வந்தவர்கள் இடுப்பில் குழந்தையோடு வந்தார்கள். குழந்தையை எங்கே விடுவது என்பதுதான் அந்தத் தெருவின் பிரச்சினை என்பது சில வாரத்தில் புரிந்துவிட்டது.

முதல் வெயில் காலத்தில் அவர்கள் பார்த்த மூன்று குழந்தைகள் போதும். மூன்றும் ஊனம். ஒன்று மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. ஒன்றுக்குத் தீக்காயம். மூன்றாவதன் முதுகு வளைந்துபோயிருந்தது. அம்மா வேலைக்குப் போகும்போது மூன்று வருஷம் நாள் முழுக்க அதைச் சமையலறை மேசைக் காலில் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மத்தியானம் அண்ணன் ஆலையிலிருந்து ஓடிவந்து ஒரு வாய் ஊட்டிவிட்டு ஓடுவானாம். பாலர் வகுப்பும், அதைத் தொடர்ந்து குழந்தைகள் காப்பகமும் வந்தது இந்த வழியில்.

சமையலறைக் கதை இன்னும் சுவாரசியம். குறைந்த செலவில் சத்தான சாப்பாடு என்று அப்போது பாஸ்டனில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதைப் படித்து, அளவு பார்த்து, விஞ்ஞான முறைப்படி சூப்பும் குழம்பும் வேகவைத்து, ஆலைப் பெண்களுக்கு விற்க ஹல் ஹவுஸில் ஒரு பொது அடுக்களை போட்டார்கள். கூட்டம் வரவில்லை. பக்கத்து வீட்டம்மா ஒருத்தி கடைசியில் மனம் திறந்து சொல்லிவிட்டாள்: சத்து இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எனக்கு எது பிடிக்குமோ அதைத்தானே சாப்பிடுவேன். பத்து நாட்டு நாக்குகள் குடியிருக்கும் தெருவில் ஒரே சூப்பை ஊற்றினால் எப்படி எடுபடும்? ஆனால் அதே கட்டடத்தில் காபிக் கடையாகப் போட்ட பகுதி நின்றுவிட்டது. மதுக்கடையைத் தவிர உட்கார்ந்து பேச வேறு இடமில்லாத தெருவில் அதுவே ஊர்த் திண்ணை ஆயிற்று. மேல்மாடியில் உடற்பயிற்சிக் கூடம். காசில்லாமல் கிடைத்த குளியலறைகளுக்கு அதைவிடக் கூட்டம். அந்த வீடுகளில் குளிக்க இடம் ஏது? அந்தக் கூட்டத்தைச் சுட்டிக்காட்டியே 1894-ல் நகராட்சியைப் பொதுக் குளியலறை கட்ட வைத்தார்கள்.

இரண்டாவது வருஷம் வாரத்துக்கு 2,000 பேர் வந்து போனதாகக் கணக்கு. 20 வருஷத்துக்குள் ஒரு தெருச் சதுரத்தையே அடைத்துக்கொண்டு 13 கட்டடம். பாண்ட் சகோதரர்கள் என்ற கட்டடக் கலைஞர்கள்தான் அவற்றை வரைந்தார்கள். ஓவியக் கூடம், நாடக அரங்கு, இசைப் பள்ளி, வேலைக்குப் போகும் பெண்கள் தாங்களே நடத்திய கூட்டுறவு விடுதி. கிளாரினெட் மேதையாகப் பிற்காலத்தில் பேரெடுத்த பென்னி குட்மன் சிறுவனாக இந்த வீட்டு பேண்டில் வாசித்தவர். இந்தப் பட்டியலை நீட்ட முடியும், ஆனால் பட்டியல் எல்லா சமுதாய மையத்துக்கும் இருக்கும். மற்ற இடங்களில் இல்லாதது ஒன்று இங்கே இருந்தது: நடத்துகிறவர்கள் ராத்திரி வேறு பேட்டைக்குப் போகவில்லை. வீட்டில் தங்கியவர்கள் சம்பளம் வாங்கியதும் இல்லை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தாங்களே பணம் கட்டினார்கள், பகலில் வேறு வேலை பார்த்தார்கள். அதே தண்ணீரைக் குடித்தார்கள், அதே நாற்றத்தில் தூங்கினார்கள்.

மிட்டாயை வேண்டாம் என்ற குழந்தைகள்

முதல் கிறிஸ்துமஸ். வந்த சிறுமிகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சிலர் கையை நீட்டவே இல்லை. ஏன் என்று விசாரித்தால், அவர்கள் மிட்டாய் ஆலையில் வேலை பார்க்கிறவர்கள்; பண்டிகை சீசனுக்காக ஆறு வாரமாகக் காலை ஏழு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது மணி வரை. மிட்டாயைப் பார்த்தாலே குமட்டுகிறது. அதே குளிர்காலத்தில் வீட்டுச் சங்கத்துப் பையன்கள் மூன்று பேர் பக்கத்து ஆலை ஒன்றில் ஒரே இயந்திரத்தில் அடிபட்டார்கள். ஒருவன் செத்துப்போனான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு வைத்திருந்தால் போதும். முதலாளி பதறுவார் என்று நம்பி இவர்கள் போய்ப் பேசினார்கள். பெற்றோர் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, நஷ்டஈடு கேட்கமாட்டோம் என்று. அவ்வளவுதான் பதில்.

1891-ன் கடைசி வாரத்தில், பனி கொட்டும் ஒரு காலையில், புருஷனை விட்டு வந்த ஃபிளாரன்ஸ் கெல்லி என்ற பெண் வந்து கதவைத் தட்டினார். மூன்று குழந்தைகளுக்குத் தாய். என் கணக்கில் ஹல் ஹவுஸின் போக்கு மாறியது அந்தக் கதவுத் தட்டலில்தான். அதுவரை உபசாரம், அதற்கப்புறம் ஆதாரம். வீட்டிலேயே துணி தைத்துக் கூலி வாங்கும் குடும்பங்களைக் கெல்லி படியேறிப் போய்ப் பார்த்தார். பொத்தான் தைக்கும் குழந்தைகளைக் கணக்கெடுத்தார். அதைக் காட்டித்தான் 1893-ல் இல்லினாயில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது: 14 வயதுக்குட்பட்டவர்களை ஆலை வேலையில் வைக்கக் கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை. ஆளுநர் ஆல்ட்கெல்ட் கெல்லியையே தலைமை ஆய்வாளராகப் போட்டார். எட்டு மணி நேரப் பகுதியை 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. தோல்விதான், ஆனால் மீதிச் சட்டம் நின்றது.

அதே வருஷம் அவர்கள் புத்தகமாக வெளியிட்ட வரைபடங்களைப் பார்க்க வேண்டும். ஹால்ஸ்டட் தெருவுக்குக் கிழக்கே ஒரு சதுர மைலில் மூன்றில் ஒரு பங்கு இடம். அதில் ஒவ்வொரு மனையையும் வண்ணம் தீட்டிக் காட்டினார்கள். ஒரு படத்தில் யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று, 18 வகை. இன்னொரு படத்தில் குடும்பம் வாரத்துக்கு என்ன சம்பாதிக்கிறது என்று. பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்ததால் கதவு திறந்தது, கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. இதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது: அடுத்த வீட்டுக்காரர் உங்கள் வருமானத்தை அச்சடித்து வெளியிட்டால் எப்படி இருக்கும்? அந்த நெருடல் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அந்த அளவுக்கு நுணுக்கமாக விசாரிப்பது அத்துமீறல்தான், அதனால் நன்மை விளையும் என்ற நம்பிக்கைதான் அதைப் பொறுத்துக்கொள்ள வைக்கிறது என்று புத்தகத்திலேயே எழுதிவைத்தார்கள்.

குப்பை

வார்டில் சாவு விகிதம் அதிகம். ஏன் என்று ஹல் ஹவுஸ் பெண்கள் சங்கத்தினர் 12 பேர், வாரத்துக்கு மூன்று சாயங்காலம், சந்து சந்தாகப் போய்க் குப்பையைப் பார்த்தார்கள். வீட்டு வேலை முடித்து, உடைமாற்றி, வெயில் காலப் புழுக்கத்தில். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதத்தில் சுகாதாரத் துறைக்கு அனுப்பிய விதிமீறல் புகார் 1,037. எல்லாம் ஆதாரத்தோடு. நகராட்சியில் ஆய்வாளர்களை மாற்றினார்கள். குப்பை மட்டும் அப்படியே கிடந்தது.

1895-ல் ஆடம்ஸ் தானே குப்பை அள்ளும் காண்டிராக்டுக்கு டெண்டர் போட்டார். ஏதோ நுணுக்கம் சொல்லித் தள்ளிவிட்டார்கள். ஆனால் பத்திரிகைகளில் பெயர் அடிபட்டதில் மேயர் அவரை வார்டின் குப்பை ஆய்வாளராகப் போட்டார், வருஷச் சம்பளம் 1,000 டாலர். ஹல் ஹவுஸில் அவர் சம்பளத்துக்குப் பார்த்த வேலை இது ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிக்குப் பின்னாலேயே போவார், கிடங்கு வரை. ஒப்பந்தக்காரரை ஒன்பது வண்டியிலிருந்து பதினேழுக்கு ஏற்ற வைத்தார். செத்த விலங்குகளை அகற்றப் பொறுப்பானவரை விரட்டினார். ஒரு குறுகலான தெருவில் தோண்டிக்கொண்டே போனபோது 18 அங்குலம் கீழே கல் பாவிய சாலை தட்டுப்பட்டது. அந்தத் தெருவில் அப்படி ஒரு சாலை இருந்ததே குடியிருந்தவர்களுக்கு நினைவில்லை. ஒரு பெண்பிள்ளை குப்பை வண்டிக்குப் பின்னால் போவதா என்று அதே வார்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள். சாவு விகிதத்தில் நகரில் மூன்றாவதாக இருந்த வார்டு ஏழாவதுக்கு இறங்கியது.

இந்த வெற்றிக் கதைக்குப் பக்கத்தில் ஒரு தோல்விக் கதையை வைத்தால்தான் ஆய்வு நேர்மையாக இருக்கும். 1902-ல் சிகாகோவில் டைபாய்டு. நகர மக்கள்தொகையில் 36-ல் ஒரு பங்கு இருந்த 19-ஆவது வார்டில் நகரத்தின் டைபாய்டு சாவுகளில் ஆறில் ஒரு பங்கு. வீட்டில் தங்கியிருந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் இறங்கிப் பார்த்தார். திறந்த கழிப்பிடங்கள், ஈ மொய்க்கும் அடுக்களைகள். ஈயைப் பிடித்துக் கிருமி வளர்க்கும் சாற்றில் போட்டு வைத்ததில் டைபாய்டுக் கிருமி வந்தது. ஈதான் காரணம் என்ற அறிக்கை பெரிய பெயர் வாங்கியது, ஊரே பேசியது. லஞ்சம் வாங்கிக்கொண்டு விதிமீறலைக் கண்டுகொள்ளாத ஆய்வாளர்கள் வேலை இழந்தார்கள். அப்புறம் வெளியே வந்த விஷயம் வேறு: அந்தப் பேட்டைக்கு வரும் குடிநீர்க் குழாய் உடைந்து, மூன்று நாள் சாக்கடை கலந்த தண்ணீர் வந்திருக்கிறது. அதை மூடி மறைத்துவிட்டார்கள். தன் ஈ ஆராய்ச்சிக்குக் கிடைத்த புகழ் வாழ்நாளெல்லாம் பின்னாலேயே வந்து சங்கடப்படுத்தியது என்று ஹாமில்டனே பிற்பாடு எழுதினார். ஆலை நச்சுகளை ஆராய்ந்து 1919-ல் ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியராகப் போனவர் அவர்.

தக்களி

ஒரு நாள் ஆடம்ஸ் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு இத்தாலியக் கிழவி வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்து தக்களியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் தக்களியை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள்: இன்னும் கொஞ்சம் நூற்றால் பேத்திக்கு ஒரு ஜோடி காலுறை. நம் காந்தி கால வீடுகளில் இருந்த தக்களியேதான், குச்சியும் வட்டும். பேத்திகளோ ஆலை இயந்திரத்தில் நிற்கிறார்கள். கிழவியின் கையில் இருக்கும் வித்தைக்கும் தாங்கள் பார்க்கும் வேலைக்கும் உறவு உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது.

1900-ல் ஆடம்ஸ் ஒரு தொழில் அருங்காட்சியகம் தொடங்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் சாமான் வைக்கும் இடம் அல்ல. சிரியக்காரி, கிரேக்கக்காரி, இத்தாலியக்காரி, ரஷ்யக்காரி, ஐரிஷ்காரி, எல்லாரும் வந்து உட்கார்ந்து அவரவர் ஊர் முறையில் நூற்றுக் காட்டுவார்கள். பிள்ளைகள் பார்ப்பார்கள். தக்களிக்கும் ராட்டைக்கும் ஆலைக் கதிருக்கும் இடையே இருக்கும் தூரம் கண்ணெதிரே தெரியும்.

அங்கே ஒரு பெண் சனிக்கிழமை ராத்திரி சமையல் வகுப்புக்கு வருவாள். அவள் அம்மா அதே நேரத்தில் அருங்காட்சியகத்தில் நூற்க வருவாள். மகள் வேறு வாசல் வழியாக நுழைவாள். தலையில் முக்காடு, தடித்த காலணி, குட்டைப் பாவாடை என்றிருக்கும் அந்த அம்மாவோடு சேர்ந்து உள்ளே வர வெட்கம். ஒரு நாள் அம்மாவைச் சுற்றிக் கல்விக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் நின்று வாயைப் பிளந்து பார்ப்பதை மகள் பார்த்தாள். அமெரிக்காவிலேயே இவ்வளவு நன்றாகத் தக்களி நூற்பவர் இவர்தானா என்று ஆடம்ஸிடம் கேட்டாள். கிராமத்தில் அம்மா எப்படி இருந்தாள் என்று கேட்கத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் ஒரே வாசலில் வந்தார்கள். வந்தேறிக் குடும்பங்களின் அவ்வளவு பெரிய சிக்கலுக்கு ஹல் ஹவுஸ் செய்தது இவ்வளவுதான்: ஒரு முக்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தது.

தோற்ற இடமும் காசும்

வார்டு கவுன்சிலர் ஜானி பவர்ஸ். லஞ்சத்துக்குப் பேர்போனவர். அவரைத் தோற்கடிக்க 1890-களின் பின்பாதியில் ஹல் ஹவுஸ்காரர்கள் மறுபடி மறுபடி பாடுபட்டார்கள். ஒவ்வொரு முறையும் பவர்ஸே ஜெயித்தார். ஏன் என்பதை ஆடம்ஸ் உட்கார்ந்து யோசித்து எழுதியதில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது. பவர்ஸ் சாவு வீட்டுக்கு முதலில் வருகிறார், அடக்கச் செலவு கொடுக்கிறார், கல்யாணத்துக்குப் பரிசு கொடுக்கிறார், கிறிஸ்துமஸுக்கு வான்கோழி கொடுக்கிறார், பையனுக்கு நகராட்சி வேலை வாங்கித் தருகிறார். நீங்கள் நல்லாட்சி என்கிறீர்கள். அவர் மாமாவாக நடந்துகொள்கிறார். ஊர் யாருக்கு ஓட்டுப் போடும்? தமிழில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

காசு விஷயத்தில் முதலில் ஆடம்ஸ் தன் பரம்பரைச் சொத்தையே கரைத்தார். அப்புறம் சிகாகோவின் பணக்காரப் பெண்கள், குறிப்பாக லூயிஸ் டிகோவன் போவன், மேரி ரோஸட் ஸ்மித். பெண்கள் விடுதி கட்ட 20,000 டாலர் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்தார். தன்னிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கு அடிமாட்டுக் கூலி கொடுப்பதில் பேர்போனவர் அவர். வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். தொழிற்சங்கப் பெண்கள் அந்த வீட்டில் கூட்டம் போட்டதில் சில நன்கொடையாளர்கள் கழன்றுகொண்டார்கள். முதல் உலகப்போரை ஆடம்ஸ் எதிர்த்தபோது இன்னும் பலர். துரோகி என்று பத்திரிகைகள் எழுதின. 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது, அதையும் ஒருவரோடு பகிர்ந்து.

ஒரு குறையை விட்டுவிட முடியாது. கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் 1909-ல் உருவானபோது முன்னின்றவர்களில் ஆடம்ஸும் ஒருவர். ஆனாலும் அவருடைய வீட்டின் சங்கங்களுக்குள் கறுப்பினத்தவர் வந்து சேர வெகு காலம் பிடித்தது. கதவு திறந்திருந்தது உண்மை. எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை.

சாவி கைமாறியது

ஆடம்ஸ் 1935 மே மாதம் இறந்தார். அடுத்து வந்தவர்களும் நல்ல நிர்வாகிகள்தான். ஆனால் மெல்ல மெல்ல வீட்டில் தங்குகிறவர்கள் குறைந்து, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் படித்த சமூகப் பணியாளர்கள் கூடினார்கள். சாயங்காலம் அலுவலகம் முடிந்தால் ரயிலேறிவிடுவார்கள். பார்க்கப்போனால் அது நியாயமான முன்னேற்றம். அந்தத் தொழிலுக்கே விதை போட்டது இந்த வீடு. ஆனாலும் தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு இடைவெளி விழுந்துவிட்டது.

அந்த இடைவெளி எவ்வளவு என்று 1961-ல் தெரிந்தது. மேயர் ரிச்சர்ட் டேலி இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்துக்கு ஹால்ஸ்டட் தெருப் பேட்டையைத் தேர்ந்தெடுத்தார். வீடுகளைத் திருத்தி அங்கேயே வாழலாம் என்று அதுவரை நம்பவைக்கப்பட்டிருந்த ஜனங்கள். இத்தாலியத் தையற்காரர் ஒருவரின் மகளான ஃபிளாரன்ஸ் ஸ்கேலா, குழந்தையாக ஹல் ஹவுஸில் வளர்ந்தவர், அவர்களுடைய எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். பெண்கள் மேயர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஸ்கேலாவின் வீட்டில் குண்டு வெடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1963-ல் தோற்றது. ஹல் ஹவுஸ் நிர்வாகக் குழு பேட்டையோடு கடைசி வரை நிற்கவில்லை. நிலத்தை விற்க ஒத்துக்கொண்டது. கோர்ட்டில் தோற்றதைக்கூட அந்தப் பெண்கள் தாங்கிக்கொண்டார்கள், இதைத் தாங்கவில்லை. குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் இல்லை.

13 கட்டடத்தில் மூல வீடும் சாப்பாட்டுக் கூடமும் மட்டும் மிஞ்சின. 1967-ல் அது பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம். அமைப்பு மட்டும் பெயரை எடுத்துக்கொண்டு நகரம் முழுக்கப் பரவியது: குழந்தைகள் காப்பகம், வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு, குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவி, வேலைப் பயிற்சி. கடைசிக் காலத்தில் வருஷத்துக்கு 60,000 பேர் பயனடைந்தார்கள், ஊழியர்கள் 300 பேர் அளவில். எண்ணிக்கை பழைய வீட்டுக்குக் குறைந்ததில்லை. ஆனால் வருமானத்தில் பெரும்பகுதி அரசு ஒப்பந்தப் பணம். அரசு தாமதித்தால் சம்பளம் தாமதம், அரசு வெட்டினால் திட்டம் இல்லை. 2008-க்குப் பிந்தைய மந்தத்தில் தேவை கூடி வரவு குறைந்தது. வசந்த காலத்தில் மூடுவோம் என்று 2012 ஜனவரியில் அறிவித்தவர்கள், சொன்ன கெடுவுக்கு முன்பே ஜனவரி 27-ல் நிறுத்தினார்கள். கூடவே திவால் மனு.

இதற்கு நிர்வாகத் திறமைக் குறைவு என்றும் அரசின் கஞ்சத்தனம் என்றும் காரணம் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருக்கும். என் கண்ணுக்குப் படுவது வேறு. 1961-ல் வீட்டைக் காப்பாற்ற ஒரு தெருவே மேயர் அறைக்குப் போனது. 2012-ல் அப்படிப் போக ஒரு தெரு இல்லை. 60,000 பேரும் பயனாளிகள், அக்கம்பக்கத்தார் யாரும் இல்லை.

ஒரு கதை விட்டுப்போயிற்று. 1913-ல் ஹல் ஹவுஸில் பிசாசுக் குழந்தை இருப்பதாக ஒரு புரளி கிளம்பியது. கொம்பு, பிளந்த குளம்பு, வால், பிறந்ததும் பேச்சு. கடவுள் பக்தியுள்ள இத்தாலியப் பெண்ணைக் கட்டிக்கொண்ட நாத்திகன் சுவரிலிருந்த சாமி படத்தைக் கிழித்து, இதற்குப் பிசாசே வீட்டில் இருக்கலாம் என்றானாம். பிசாசே பிள்ளையாகப் பிறந்துவிட்டது. யூத வீடுகளில் வேறு கதை: ஆறு பெண் பெற்ற அப்பன், ஏழாவதும் பெண் என்றால் அதற்குப் பிசாசு பிறக்கட்டும் என்றானாம். ஆறு வாரம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். டிக்கெட் எவ்வளவு என்று டெலிபோனில் கேட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லி வீட்டிலிருந்தவர்களுக்குத் தொண்டை வறண்டது. ஆடம்ஸ் மட்டும் வந்த கிழவிகளை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தார். அடிக்கிற புருஷன், தூக்கி எறிந்து பேசும் பிள்ளை என்று அவர்கள் வாழ்க்கை முழுக்க வெளியே வந்தது. பிசாசுக் குழந்தையின் கதையைச் சொல்லி வீட்டு ஆண்களைக் கொஞ்சமாவது அடக்கி வைக்கலாம் என்ற ஆசையில் வந்தவர்கள் பலர் என்று அவர் கண்டுகொண்டார்.

இப்போதும் சிகாகோவில் பேய் காட்டக் கூட்டிப்போகும் சுற்றுலாப் பேருந்துகள் அந்த வாசலில் நிற்கின்றன. வழிகாட்டி மேலே பரண் ஜன்னலைக் காட்டுகிறார்: குழந்தையை அங்கேதான் வைத்திருந்தார்களாம்.